காட்டாற்றில் ஓட்ட முதல் கயாக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதல் கயாக் (இரு முனையிலும் இலையுள்ள துடுப்பால் ஓட்டும் சிறு படகு) வாங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்த மாடலை வாங்குவது என்றுதான் கேட்கத் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் என்பேன். எந்த ஆற்றில் ஓட்டப் போகிறீர்கள், உங்கள் எடை எவ்வளவு, படகுக்குள் இருக்கை எங்கே நிற்கிறது ஆகிய மூன்றும் சரியாக அமைந்துவிட்டால், மாடலின் பெயர் பெரிய வேறுபாட்டை உண்டாக்காது. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும், விலை உயர்ந்த புதிய படகு கூட உங்களைத் திரும்பத் திரும்பக் கவிழ்க்கும்.

கவிழ்ந்த படகிலிருந்து ஸ்ப்ரே டெக்கை (இடுப்பில் அணிந்து, நீர் புகாதபடி படகின் திறப்பை மூடும் உறை) கழற்றி வெளியே வருவதும், அசையாத நீரில் நேராகத் துடுப்பு போடுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இவை தெரியாதவர்கள் முதலில் ஒரு பயிற்சிப் பள்ளியின் படகிலேயே கற்றுக்கொள்வது நல்லது.

படி 1: ஆற்றை முடிவு செய்யுங்கள்

நம் நாட்டில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஓட்டுகிறார்கள். ஒன்று, கங்கையில் பியாசி, சிவ்புரி வழியாக ரிஷிகேஷுக்கு இறங்கும் பகுதி. அங்கே நீரின் அளவு மிக அதிகம். ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் போன்ற ரேபிட்களில் (நீர் கொந்தளித்து விரைந்து பாயும் இடங்களில்) பாறைகளைவிட, உயர்ந்தெழும் அலைகளும், எடியின் விளிம்பில் கொப்பளித்துச் சுழலும் நீருமே புதியவர்களைத் திணறடிக்கின்றன. (பாறைக்கோ கரைமுனைக்கோ கீழ்ப்புறத்தில், ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி வரும் நீரைத்தான் எடி என்கிறோம்.) மற்றொன்று, கோழிக்கோடு மாவட்டத்தின் சாலிப்புழையும் இருவஞ்சிப்புழையும். மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கும் இந்த ஆறுகள் குறுகியவை, சரிவானவை, பாறைகள் நெருங்கியவை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான் ஓட்டத்தக்க அளவுக்கு நிறைகின்றன.

கங்கைக்கு ஓரளவு நீளமும் வேகமும் உள்ள படகு உதவும். சுழலும் நீரில் மெதுவாகச் செல்லும் படகு அங்கேயே பிடிபட்டு நிற்கும். மலபார் ஆறுகளுக்கு, பாறையில் உரசினால் வழுக்கிச் செல்லும் உருண்ட அடிப்பாகமும், சிறு அருவியிலிருந்து இறங்கியதும் விரைவாக மேலே வரும் பருத்த மூக்கும் வேண்டும்.

படி 2: வகையைத் தேர்ந்தெடுங்கள்

ஏறத்தாழ 6 அடி நீளமுள்ள ப்ளே போட் ஒரே அலையில் நின்று வித்தை காட்டுவதற்கு உரியது. அதை முதல் படகாக வாங்க வேண்டாம். பின்பகுதி தட்டையாக மெலிந்திருக்கும் ஹாஃப் ஸ்லைஸ் படகு உடலைச் சாய்க்கும் பழக்கத்தை விரைவில் கற்றுத்தரும் என்று சில பயிற்றுநர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் ரோல் (கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்துவது) உறுதியாக வராதவருக்கு அந்த மெலிந்த பின்பகுதியை நீரோட்டம் பிடித்து அமுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நீச்சலாகவே முடியும். நீந்திக் களைத்த பிறகு எதையும் கற்க இயலாது. ஆகையால் 8 முதல் 9 அடி வரையுள்ள ரிவர் ரன்னர் (ஆற்றோட்டத்தோடு இறங்கிச் செல்வதற்கான படகு) அல்லது கிரீக் போட் (சரிவான, பாறை நிறைந்த சிற்றாறுகளுக்கான பருத்த படகு) வகையையே நான் பரிந்துரைக்கிறேன். டேக்கர் மாம்பா, லிக்விட்லாஜிக் ரீமிக்ஸ், வேவ்ஸ்போர்ட் டீசல், பிரானா பர்ன் ஆகியவை இந்த வகையில் பல ஆண்டுகளாக ஓட்டப்பட்டுத் தேறியவை.

படி 3: எடைக்கு ஏற்ற அளவு

ஒரே மாடல் இரண்டு மூன்று அளவுகளில் வருகிறது. ரீமிக்ஸ் 59, 69, 79 என்று வரும் எண்கள் அமெரிக்க கேலனில் அந்தப் படகின் கொள்ளளவைக் குறிப்பவை. 69 கேலன் என்பது சுமார் 260 லிட்டர். உயிர்காப்புச் சட்டை, தலைக்கவசம், வீசுகயிற்றுப் பை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஆறேழு கிலோ வந்துவிடும். உங்கள் எடையோடு அதையும் கூட்டிய பிறகு, தயாரிப்பாளர் சொல்லும் எடை வரம்பின் நடுப்பகுதியில் நீங்கள் அமைய வேண்டும். வரம்பின் மேல் விளிம்பில் இருந்தால் படகு ஆழ்ந்து மிதக்கும், எடியின் விளிம்பு அதை எளிதில் பிடிக்கும். கீழ் விளிம்பில் இருந்தால் படகு உங்கள் சொல்லைக் கேட்காமல் நீரின் சொல்லைக் கேட்கும். நம் ஊரில் ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோ உள்ளவர்கள், பெண்கள் குறிப்பாக, கிடைத்தது என்பதற்காக நடுத்தர அளவையோ பெரிய அளவையோ வாங்கிவிட்டு, படகைச் சாய்க்கவே முடியவில்லை என்று வருந்துவதைப் பார்க்கிறேன். அவர்கள் சிறிய அளவு கிடைக்கும் வரை காத்திருப்பதே மேல்.

படி 4: இருக்கையும் சமநிலையும்

எனக்கு மிக நீண்ட காலம் பிடித்த படி இதுதான்; கடைகளும் பயிற்சிப் பள்ளிகளும் மிகக் குறைவாக விளக்கும் படியும் இதுவே.

படகை அசையாத நீரில் இறக்கி, ஆற்றுக்குப் போகும்போது அணியும் அனைத்தையும் அணிந்து, காலணியோடு உட்காருங்கள். நண்பர் ஒருவர் பத்து மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். நீர்மட்டத்துக்கு மேல் மூக்கும் வாலும் ஏறத்தாழ ஒரே உயரத்தில், அல்லது மூக்கு சற்றே உயர்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்திருந்தால், எடியிலிருந்து ஓட்டத்துக்குள் நுழையும் கணத்தில் நீர் வாலின் மேல் ஏறி உங்களைப் பின்புறமாகப் புரட்டும். மூக்கு தாழ்ந்திருந்தால் அலைக்குள் மூழ்கும், திருப்பவும் கடினமாக இருக்கும். பின்புறமாகவே கவிழ்ந்துகொண்டிருக்கிற ஒருவர் தன் திறமையை நொந்துகொள்வதற்கு முன், தன் இருக்கையின் போல்ட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டும்.

இருக்கையை ஒரு முறைக்கு ஒன்று அல்லது இரண்டு செ.மீ. மட்டும் நகர்த்தி, மீண்டும் நீரில் இறக்கிப் பாருங்கள். இருக்கை நகர்ந்தால் காலுக்கும் தொடைக்கும் உள்ள தூரம் எல்லாமே மாறிவிடும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் இருக்கை, அடுத்து பாதப் பலகை, அதன்பின் தொடைப்பிடி, பிறகு முதுகுப்பட்டை, கடைசியாக இடுப்புத் திண்டு. இடுப்புத் திண்டைத்தான் பலர் முதலில் ஒட்டுகிறார்கள், அது கைக்கு எளிதில் எட்டுவதால். பிறகு மற்றவற்றை மாற்றும்போது அந்த உழைப்பு முழுவதும் வீணாகிறது.

பாதத்தின் முன்பகுதி பலகையில் அழுந்தி, முழங்கால் தொடைப்பிடிக்குள் வலியில்லாமல் தங்கி, இடுப்பை அசைத்தால் படகும் உடனே அசைய வேண்டும். கால் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கமாக வைக்காதீர்கள். உடலின் மேற்பகுதி குட்டையாக இருப்பவர்கள் இருக்கையின் மேல் இரண்டு மூன்று செ.மீ. தடிமனுள்ள கெட்டி ஃபோமை ஒட்டினால், துடுப்பு போடும்போது முழங்கை படகின் பக்கத்தில் இடிப்பது நின்றுவிடும். எல்லாம் முடிந்ததும், நண்பர் அருகில் நிற்க, ஆழம் குறைந்த நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியே வந்து பாருங்கள். முழங்கால் எங்கேனும் சிக்கினால், எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் அந்த அமைப்பை மாற்றியே ஆக வேண்டும்.

படி 5: பழைய படகைப் பரிசோதித்தல்

புதிய படகுகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகின்றன; விலையோடு கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பருவ இறுதியில் ஊர் திரும்பும் ஓட்டுநர்கள் விற்கும் பழைய படகே நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகும்.

படகைக் கவிழ்த்து, இருக்கைக்கு நேர் கீழே உள்ள பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பாறையில் மிகுதியாகத் தேய்வது அந்த இடம்தான். அங்கே சுற்றுப்பகுதியைவிட மிக எளிதாகக் குழிந்தால் வாங்க வேண்டாம். மேலோட்டமான கீறல்கள் பரவாயில்லை. உள்ளே டார்ச் அடித்து, போல்ட் துளைகளைச் சுற்றியும் படகின் வாயின் (உட்காரும் திறப்பின்) விளிம்பிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் வெளுத்து, தொட்டால் மாவு போல ஒட்டினால் வெயிலில் நெடுங்காலம் கிடந்த படகு என்று பொருள். நெகிழி லீனியர் பாலிஎத்திலீனா, கிராஸ்லிங்க்கா என்றும் கேளுங்கள். லீனியரில் விழும் விரிசலை உருக்கி ஒட்டலாம், கிராஸ்லிங்க்கை அவ்வாறு ஒட்ட இயலாது. உதிரிபாகம் கிடைக்காத நம் சூழலில் லீனியரே எனக்கு உகந்தது.

முன்னும் பின்னும் காற்றுப்பைகள் (உள்ளே நீர் நிறையாதபடி இடத்தை அடைப்பவை) இல்லாத படகோடு ஆற்றில் இறங்கவே கூடாது. 260 லிட்டர் படகு முழுதும் நிறைந்தால் கால் டன் நீரைச் சுமக்கும்; அது பாறைக்கும் உங்களுக்கும் நடுவே வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பட்ஜெட் இறுகினால் படகின் வயதில் விட்டுக்கொடுங்கள். உயிர்காப்புச் சட்டையிலும் தலைக்கவசத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். துடுப்பு பெரும்பாலானவர்களுக்கு 191 முதல் 200 செ.மீ. நீளத்தில் அமையும், இரு இலைகளுக்கும் இடையே 30 டிகிரி திருப்பம் உள்ளதை நான் விரும்புகிறேன்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு இருவர் எழுதிய சிக்கல்களை இங்கே சேர்க்கிறேன். பெரிய பாதம் உள்ள ஒருவருக்குப் பாதப் பலகையை முழுதும் முன்னே தள்ளியும் இடம் போதவில்லை. பலகையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கெட்டி ஃபோம் கட்டையைப் பாதத்தின் வடிவுக்குச் செதுக்கி, அசையாதபடி இறுக்கிப் பொருத்தினால் சில செ.மீ. கூடுதலாகக் கிடைக்கும், பாதம் ஃபோமுக்கு முன்னால் நழுவிச் சிக்காதவாறு அது மூக்குப் பகுதியை முழுதும் நிரப்ப வேண்டும். மற்றொருவர் படகோடு சேர்த்து வாங்கிய ஸ்ப்ரே டெக் ஒவ்வொரு அலையிலும் கழன்றதாக எழுதினார். படகின் வாய் எல்லா மாடலிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வாயின் வெளிவிளிம்பை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து, டெக் தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே டெக்கை வாங்குங்கள். புதிய நியோபிரீன் டெக்கை மாட்டுவது கடினமாக இருந்தால், நனைத்து, படகின் வாயில் மாட்டி ஓரிரவு வைத்திருங்கள்; அடுத்த நாள் அது எளிதாக ஏறும். இழுத்துக் கழற்றும் வளையம் எப்போதும் வெளியே தெரியும்படி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள்.