கொடுவாவுக்கு ஃப்ளை வீசுவது எப்படி: கிண்ணியாப் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

வன்கூவர் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் வசந்தம் வந்தால் 'ஸ்பிரிங் சால்மன்' படமாகப் போட்டுத் தள்ளுவார்கள். ஃப்ரேசர் ஆற்றில் ஏறிவரும் சினூக் மீனைத்தான் அங்கே அப்படிச் சொல்வது. இலையுதிர்காலத்தில் முட்டையிட வேண்டிய மீன், சில மாதம் முன்னரே ஆற்றுக்குள் நுழைந்துவிடும். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "இந்த ஃப்ளை தூண்டிலைத் திருமலையில் போட ஏலாதா?" என்று திருகோணமலைப் பக்கம் கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாகப் போடலாம். சால்மன்தான் இல்லை, கொடுவா இருக்கிறது. ஃப்ளை என்றால் முள்ளில் முடி கட்டிச் செய்த பொய் இரை.

இரண்டும் நேர்மாறான மீன்கள். சால்மன் கடலில் வளர்ந்து ஆறு ஏறி முட்டையிடும். கொடுவா களப்பிலும் ஆற்றிலும் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்து உப்புத் தண்ணீருக்கு இறங்கும். ஆற்றில் ஏறிய சால்மன் இரை தின்பதையும் நிறுத்திவிடும். அதனால் அங்கே ஃப்ளையை நீரோட்டத்துக்குக் குறுக்கே விட்டு, அதன் மூக்கருகே மெல்ல வளைந்து போகவைத்து, எரிச்சலூட்டிக் கவ்வவைக்கப் பார்க்கிறார்கள். கொடுவாவுக்குப் பசி உண்டு, ஆனால் சோம்பேறி. வேருக்குள்ளும் தூண் நிழலிலும் பதுங்கியிருந்து பாயும். வெகுதூரம் துரத்தி வராது. இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

சாமான்கள்

9 அடி நீளத்தில் 8ஆம் எண் தடி, அதே எண் ரீல், மிதக்கும் லைன். லைன் என்பது வீசுகிற தடித்த நூல், எண் அதன் பாரத்தைக் குறிப்பது. உள்ளூர்க் கடைகளில் கிடைப்பது அருமை. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவதுதான் நடைமுறை. சால்மன் ஆட்கள் பலர் இரு கையால் வீசும் நீளத் தடி வைத்திருப்பார்கள். அது நமக்கு வேண்டாம். ரீல் மட்டும் உப்புத் தண்ணீருக்கென்று செய்ததாக இருக்கட்டும், இதில் காசு பார்க்காதீர்கள்.

லைனின் நுனியில் 9 அடி அளவுக்குத் தங்கூசி. அதில் கடைசி ஒன்றரை அடி 40 பவுண்டு தாங்கும் தடித்த தங்கூசியாக இருக்க வேண்டும். கொடுவாவின் வாய் அரம் மாதிரி. மெல்லிய தங்கூசியைத் தேய்த்தே அறுத்துவிடும். ஃப்ளைக்கு 2/0 அளவு முள் எடுத்து, வெள்ளை ஆட்டு வால் முடியும் கொஞ்சம் பச்சையும் வைத்துக் கட்டினால் மணலைக் குஞ்சு போலவே தெரியும். கண்ணுக்குச் சின்ன ஈயமணி.

முதலில் புல்தரையில்

தண்ணீருக்குப் போக அவசரப்பட வேண்டாம். சாதாரண தூண்டிலில் ஈயத்தின் பாரம் தங்கூசியை இழுத்துப் போகும். இங்கே ஃப்ளைக்குப் பாரம் மிகக் குறைவு. லைனின் பாரம்தான் ஃப்ளையைக் கொண்டுபோகிறது. 8ஆம் எண் லைனின் முதல் 30 அடி ஏறத்தாழ 13.6 கிராம். ஆகவே பலம் உதவாது, நேரம் பார்ப்பதுதான் உதவும்.

முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டுங்கள். 30 அடி லைனை முன்னால் நேராகக் கிடத்துங்கள், தொய்வு இருக்கக்கூடாது. தடி நுனி தரையருகே. அங்கிருந்து மெதுவாகத் தூக்கத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், மணிக்கூட்டு முள் ஒரு மணி காட்டும் இடத்தில் சடாரென்று நிறுத்துங்கள்.

இப்போது சும்மா நில்லுங்கள். லைன் உங்களுக்குப் பின்னால் விரிந்து நேராக வேண்டும். திரும்பிப் பார்க்கலாம், அதில் வெட்கமில்லை. விரிந்து முடிகிற கணத்தில் தடியில் ஒரு சின்ன இழுவை தெரியும். அப்போதே முன்னால் கொண்டுவந்து பத்து மணியில் நிறுத்துங்கள். லைன் தானாக அவிழ்ந்து போய் விழும். பின்னால் சவுக்கடிச் சத்தம் கேட்டால் நீங்கள் காத்திருக்கவில்லை என்று அர்த்தம். முள் கட்டியிருந்தால் ஃப்ளை அறுந்து போயிருக்கும். நகரத்துக்குள் பழகுகிறவர்கள் பின்னால் மான் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். திருமலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும். வலக்கையால் வீசுகிறவர்கள் காற்று இடத் தோளில் படுமாறு நில்லுங்கள். வலப்பக்கத்திலிருந்து அடித்தால் முள் காதுக்குத்தான் வரும். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம்.

எங்கே, எப்போது

கிண்ணியாப் பாலத்துத் தூண்கள், உப்பாற்றுக் கண்டல் ஓரங்கள், மூதூர்ப் பக்கம் மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடங்கள். பாலத்தின் மேலிருந்து வீசாதீர்கள், வாகனம் போகிற இடம். கீழே கரைதான் நல்லது.

மாரியில் மகாவலி கலங்கி ஓடும்போது போய்ப் பயனில்லை. மழை விட்டு, தண்ணீர் தெளியத் தொடங்கும் தை, மாசிதான் என் விருப்பம். வயலிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் வடியும் தண்ணீரோடு குஞ்சு மீனும் இறாலும் இறங்கி வரும், கொடுவா வாய்க்கால் வாயில் காத்திருக்கும். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. மட்டத்தைப் பார்க்காமல் ஓட்டத்தைப் பாருங்கள். சந்தேகமென்றால் வீச்சுவலைக்காரரிடம் "காக்கா, தண்ணி எப்ப வத்தத் தொடங்கும்?" என்று கேளுங்கள். எந்த அட்டவணையையும்விட அந்தப் பதில் சரியாக இருக்கும்.

மகாவலியின் கீழ்ப்பகுதியில் முதலை உண்டு. விடியலிலும் அந்தியிலும் தண்ணீருக்குள் இறங்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். ஆழமில்லாத மணலில் நடக்க வேண்டி வந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடங்கள், திருக்கை விலகிப் போகும்.

வீசிய பிறகு

மணலைக் குஞ்சுகள் சிதறி, "டொப்" என்று ஒரு சத்தம் கேட்டால் அது கொடுவா. நடுத் தண்ணீரில் வீசிப் பயனில்லை. வேரின் ஓரத்துக்கு ஓரிரு அடிக்குள், ஓட்டத்துக்கு மேற்பக்கமாக விழவைத்து, பதுங்கும் இடத்தைத் தாண்டிப் போக விடுங்கள்.

தடி நுனியைத் தண்ணீருக்குத் தாழ்த்தி, ஃப்ளையை நோக்கியே பிடியுங்கள். இடக்கையால் இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நிறுத்தம். பெரும்பாலும் நிறுத்தத்தில்தான் கவ்வும். கவ்வியதும் தடியைத் தூக்கிவிடுவதுதான் எல்லோர் கையும் செய்வது. தூக்காதீர்கள், ஃப்ளை வாயிலிருந்து வந்துவிடும். இடக்கையால் லைனை நீளமாக, இறுக்கமாக இழுங்கள், முள் ஏறும். பாரம் தெரிந்த பிறகு தடியை உயர்த்தலாம்.

அப்புறம் அது துள்ளும். தலையை உதறித் துள்ளும்போது தடியை மீனை நோக்கித் தாழ்த்தி லைனைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் தங்கூசி அறும். கரைக்கு வந்ததும் செவுளுக்குள் விரல் விடாதீர்கள். செவுள் மூடியின் ஓரம் பிளேடு.

பெரியது கிடைத்தால் விட்டுவிடுங்கள் என்பேன். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள். கறிக்கு நடுத்தர மீன்தான் ருசி, அதனால் நமக்கும் நட்டமில்லை. கையை நனைத்துப் பிடித்து, ஓட்டத்தைப் பார்க்கத் தலையை வைத்து, அது வாலை அடிக்கும் வரை தாங்கிப் பிடித்துவிட்டு விடுங்கள்.

வீட்டுக்கு வந்தவுடன் ரீலை நல்ல தண்ணீரில் கழுவி, லைனை முழுதாக இழுத்து ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். ஃப்ளைகளைக் கழுவாமல் பெட்டிக்குள் போட்டால் அடுத்த கிழமை முள்ளெல்லாம் துருப்பிடித்திருக்கும்.