பாறை வளைவுகளைச் சுற்றி 12.7 கிலோமீட்டர்: நம் ஊர் வெயிலை நம்பிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பச்சியும் ஆத்தாவும் பாலைவனத்தில் நடை என்றதும் சொல்வது, "நாம பார்க்காத வெயிலா?" என்பதுதான். யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில், டெவில்ஸ் கார்டன் சுற்றுப்பாதையில் நம்மவர்கள் செய்யும் தவறுகளில் பலவும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்தே தொடங்குகின்றன. நம் வெயில் வேறு, அந்த வெயில் வேறு. நம் பாறையும் வேறு.

முதலில் பாதை. பூங்கா வாசலிலிருந்து 29 கிலோமீட்டர் காரில் போனால் தார்ச்சாலை முடிகிற இடத்தில் நடை தொடங்குகிறது. லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்ற பாறை வளைவு வரை போய்த் திரும்பினால் 3.1 கிலோமீட்டர், பாதை நன்றாகப் போட்டிருக்கும். அதற்கு அப்பால் பாறை மேல் ஏறி டபுள் ஓ ஆர்ச் வரை போய்த் திரும்பினால் 6.6. அங்கிருந்து வந்த வழியே திரும்பாமல் பிரிமிட்டிவ் டிரெயில் என்ற ஆளரவம் குறைந்த பாதையில் சுற்றி வந்து, கிளைப்பாதைகளையும் பார்த்தால் 12.7 கிலோமீட்டர். மூன்றையும் ஒரே பெயரில் "டெவில்ஸ் கார்டன் போனோம்" என்றுதான் சொல்வார்கள். போய்வந்த ஒருவர் "லேசுதான்" என்றால், அவர் எதுவரை போனார் என்று கேளுங்கள்.

வேர்க்கவில்லை, அதனால் தாகமில்லை

சித்திரையில் காரைக்குடியில் பத்து நிமிடம் நடந்தால் சட்டை முதுகில் ஒட்டும். அந்த ஈரம்தான் நமக்கு எச்சரிக்கை. யூட்டாவின் காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு. வேர்வை தோலில் நிற்காமல் அப்படியே உலர்ந்துவிடும். உடல் தண்ணீரை இழப்பது தெரியவே தெரியாது. சட்டைக் காலரில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்க்கும்போது தலைவலி தொடங்கியிருக்கும். பாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர், ஏறத்தாழ ஏற்காட்டின் உயரம். ஆனால் ஏற்காட்டுக் குளுமை இல்லை. ஜூலையில் 38 டிகிரி செல்சியஸைத் தொடும் நாட்கள் சாதாரணம். நிழலும் பெரும்பாலான இடத்தில் கிடையாது.

முழுச் சுற்றுக்கு ஆளுக்கு 4 லிட்டர். "ஆளுக்கு ஒரு பாட்டில், வழியில் வாங்கிக்கலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. பூங்காவுக்குள் சாப்பாட்டுக் கடை எதுவும் இல்லை. நடை தொடங்கும் இடத்தில் குடிநீர்க் குழாய் உண்டு, அதைத் தாண்டினால் இல்லை. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து வாய் குடிக்க வேண்டும்.

இதன் மறுபாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: உப்பு. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி, குமட்டலும் குழப்பமும் வரும். பார்க்க வெயில் மயக்கம் போலவே இருப்பதால் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். இதற்கு நம் வீட்டுப் பலகாரத் தூக்கிலேயே மருந்து இருக்கிறது. சீப்புச் சீடை, கை முறுக்கு, உப்புச் சீடை எல்லாம் உப்பும் சத்தும் உள்ளவை, வெயிலில் கெடாது. மணிக்கு ஒரு கைப்பிடி, தண்ணீரோடு சேர்த்து. அதிரசமும் மாவுருண்டையும் காருக்குத் திரும்பிய பிறகு. ஓஆர்எஸ் பொட்டலம் கொண்டுபோனால் பெரிய பொட்டலம் ஒன்றுக்கு சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று அரை லிட்டரில் கரைத்தால் உப்பு அதிகமாகித் தாகம்தான் கூடும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாகச் சிறுநீர் அதிகம் போகும் மாத்திரை எடுப்பவர்கள், ஊரிலேயே மருத்துவரிடம் உப்புக் கணக்கைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

குன்றக்குடிப் பாறை மாதிரி நினைப்பது

குன்றக்குடியிலும் திருமயத்திலும் நாம் பார்க்கும் பாறை கெட்டி. யூட்டாவில் இருப்பது மணற்பாறை: மணல் மணியாகச் சேர்ந்து இறுகியது, உதிர்ந்துகொண்டே இருப்பது. காய்ந்த மணற்பாறை ஷூவை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன் மேல் உதிர்ந்த மணல் ஒரு கைப்பிடி கிடந்தால் ஆத்தங்குடிக் கல் தரையில் ரவை சிந்தியது போல, கால் வைத்தால் உருட்டிவிடும். மழையோ பனியோ பட்டால் பிரிமிட்டிவ் டிரெயில் பக்கம் போகவே கூடாது. பூங்காவும் அதையே சொல்கிறது.

லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சைத் தாண்டியதும் முதல் சோதனை. பாறை சுவர் போல நிமிர்ந்து நீண்டு நிற்கும். அதன் மேல்தான் பாதை. ஏறும்போது பயத்தில் பாறையோடு உடம்பைச் சாய்க்கத் தோன்றும். சாய்த்தால் பாதத்தின் மீதுள்ள எடை குறைந்து ஷூ வழுக்கும். நிமிர்ந்து, முழுப் பாதத்தையும் பதித்து, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். இறங்கும்போது சரிவு அதிகமானால் உட்கார்ந்தே இறங்குங்கள், அதில் கூச்சம் எதற்கு? டபுள் ஓ பக்கம் போகப்போக இந்தச் சுவரின் உச்சியிலேயே, இரண்டு பக்கமும் பள்ளம் தெரிய நடக்கும் இடம் வரும். மதில் மேல் நடக்க வராதவர்கள் அங்கே திரும்பிவிடுவது நல்லது.

இதனால்தான் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். தோளில் மாட்டும் துணிப்பை, கையில் தூக்கு, குடை மூன்றையும் காரிலேயே விடுங்கள். ஒரு தோளில் நாலு கிலோ தண்ணீர் தொங்கினால் உடம்பு ஒரு பக்கம் இழுக்கும். சுவர் உச்சியில் காற்று குடையைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். இரண்டு தோளிலும் மாட்டும் பை, தாடைக்கு நாடா உள்ள அகலத் தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை போதும். சேலை கட்டுபவர்கள் அன்று ஒருநாள் சுடிதாருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஷூவில் நடக்கும் தவறு ஊரிலேயே தொடங்குகிறது. வருஷமெல்லாம் செருப்புப் போட்ட கால் விரல்கள் அகன்றிருக்கும். அங்கே போய் இறங்கியதும் பிள்ளை வாங்கித் தரும் புது ஷூவில் மறுநாளே நடந்தால், இறக்கத்தில் விரல் நுனி முட்டி நகம் கறுக்கும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்கி, மூன்று வாரம் கண்மாய்க் கரையில் 6 கிலோமீட்டர் வரை நடந்து பழக்குங்கள், முதுகில் மூன்று கிலோ பையோடு. வாரம் ஒருநாள் குன்றக்குடிப் படி ஏறி இறங்கலாம். முழங்காலுக்குப் பயிற்சி தருவது இறக்கம்தான்.

கல் அடுக்குவது, குழித் தண்ணீரில் கால் நனைப்பது

நம் மலைக்கோயில் வழிகளில் சொந்த வீடு அமைய வேண்டி மூன்று நான்கு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். அந்தப் பாதையிலும் அதே மாதிரிச் சின்னக் கல் அடுக்குகள் இருக்கும். அவை வேண்டுதல் அல்ல, வழிகாட்டி. வெறும் பாறையில் கால்தடம் விழாததால் அடுத்த திருப்பத்தை அவைதான் காட்டும். வேண்டிக்கொண்டு இன்னொன்று அடுக்கினால், பின்னால் வருபவர் அதை நம்பித் தவறான பாறையில் இறங்குவார். இருப்பதைக் கலைக்கவும் வேண்டாம். ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்கு கண்ணுக்குத் தெரியாவிட்டால் முன்னே போகாமல் கடைசியாகப் பார்த்த அடுக்குக்கே திரும்பி நின்று தேடுங்கள்.

பாறைக் குழிகளில் மழைத்தண்ணீர் நிற்கும். கையகலமே உள்ள குட்டையிலும் நுண்ணிய இறால் வகைகளும் தவளைக் குஞ்சுகளும் இருக்கும். நம் தோலில் பூசிய சன்ஸ்கிரீன் எண்ணெய் பட்டாலே அவற்றுக்குக் கேடு. குடிதண்ணீர் ஊரணியில் கால் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மணலில் பொங்கல் பானையடிக் கருகல் போல மேடும் பள்ளமுமாகக் கறுத்திருக்கும் இடமும் உயிருள்ளதே. நுண்ணுயிர் இழைகள் மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மிதியில் நொறுங்குவது திரும்ப வளரப் பல பத்தாண்டு ஆகும். படம் எடுக்க ஒதுங்கினாலும், சிறுநீர் கழிக்க ஒதுங்கினாலும் பாறை மேலோ ஓடையின் வெறும் மணலிலோ மட்டும் கால் வையுங்கள். கழிப்பறை தொடக்கத்தில் மட்டுமே. பயன்படுத்திய தாளைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

வளைவுகளின் மேல் ஏறுவது விதிப்படி தடை. லேண்ட்ஸ்கேப் ஆர்ச் சுமார் 93 மீட்டர் நீளம். ஒரு பெரிய வீட்டின் முகப்பிலிருந்து பின்கட்டைத் தாண்டியும் போகும் நீளம். 1991 செப்டம்பரில் அதன் அடியிலிருந்து 18 மீட்டர் நீளப் பலகைக்கல் ஒன்று கழன்று விழுந்தது. அடியில் போன பாதையை அதன் பிறகு மூடிவிட்டார்கள். இதே பாதையோரம் நின்ற வால் ஆர்ச் 2008 ஆகஸ்டில் முழுதாகச் சரிந்தது. வேலி போட்ட இடத்தில் வேலிக்கு இப்பால் நில்லுங்கள்.

நேரமும் திரும்பும் இடமும்

ஜூன் கடைசியில் அங்கே விடிவது காலை 6 மணி அளவில், இருட்டுவது இரவு 9 மணிக்குப் பக்கம். நிறைய வெளிச்சம் இருக்கிறதே என்று பத்து மணிக்குப் புறப்படுவது பெரிய தவறு. பாறை மதியம்வரை சூட்டை உறிஞ்சி, பிறகு நம் மேலேயே திருப்பி விடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் இடிமழைக்கும் வாய்ப்பு உண்டு. சுவர் உச்சியில் மின்னலுக்கும், ஓடையில் திடீர் வெள்ளத்துக்கும் சிக்கக் கூடாது. விடியலில் தொடங்கி பதினொரு மணிக்குள் முடியுங்கள். ஏப்ரல், மே தொடக்கம், செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல காலம், ஆனால் காலையில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். கார் நுழைய முன்பதிவு வேண்டுமா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது; பூங்காவின் இணையதளத்தில் அந்த வாரமே பாருங்கள்.

டபுள் ஓ ஆர்ச்சில் நின்று தண்ணீரை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் இல்லையென்றால் பிரிமிட்டிவ் டிரெயில் வேண்டாம். அது வந்த வழியைவிட நீளம். நடுவில் ஆற்று மணல் போல் கால் புதையும் இடங்கள் வேகத்தைக் குறைக்கும். சாய்ந்த பாறையில் ஓரமாகக் கடக்கும் இடங்களும் உண்டு. அமைதியான பாதை என்பதன் இன்னொரு பொருள், கால் பிசகினால் அடுத்த ஆள் வர நேரமாகும் என்பது. செல்போன் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி உள்ள ஐயாவும் அப்பத்தாவும் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சோடு திரும்பலாம். பாதையின் அழகான காட்சியே அதுதான். அவர்களைத் தனியாகத் திருப்பி அனுப்பாமல் ஒருவர் கூடவே போக வேண்டும், கார்ச் சாவி அவர்களிடம் இருக்க வேண்டும். முன்னே போகிறவர்கள் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், வராவிட்டால் எத்தனை மணிக்குப் பூங்கா ஊழியரிடம் சொல்வது என்பதைப் பிரியும் இடத்திலேயே ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.