மட்டக்களப்பில வைன் முந்திரிகை: கொப்பு வெட்டுற நாளத்தான் முதல்ல பழகணும்

வைன் முந்திரிகை, அதான் வைன் வடிக்கிற திராட்சை எண்டா குளிர் நாட்டுப் பயிர், நம்மட வெயிலுக்குச் சரிவராது எண்டு கன பேர் நெனைக்கிறாங்க. ஆனா யாழ்ப்பாணத்தில இஸ்ரேல் புளூ இனத்தப் பந்தல் போட்டு காய்க்க வைக்கிறாங்க, இந்தியாவில நாசிக் பக்கம் ஷிராஸ், கபெர்னே சோவினியோன், செனின் பிளாங்க் எண்டு வைனுக்கான இனங்களே நல்லா வருது. குளிர் நாட்டில பனி வந்து கொடியத் தூங்க வைக்கும், இஞ்ச கொடி தூங்காது, வருசம் முழுக்க இலையோடயே நிக்கும், அதால எப்ப பூக்கணும் எப்ப பழுக்கணும் எண்டத கொப்பு வெட்டுற நாள வெச்சு நாமதான் முடிவு பண்ணணும். இது விளங்கினாத்தான் தோட்டம்.

இடம், மண், தண்ணி

வாவிக்குக் கிழக்கால கடல் பக்கம் இரிக்கிற எழுவான்கரை மணல் நல்லம், தண்ணி தேங்காது. 1860கள்ல இருந்து பிரான்ஸ்ல தோட்டம் தோட்டமா அழிச்ச பிலோக்சரா எண்ட வேர்ப்பூச்சியும் மணல்ல பெருகாது. வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரை களிமண் எண்டா கட்டாயம் மேடு போடுங்க, மாரியில வேர் தண்ணிக்க கிடந்தா அழுகிடும். ரெண்டடிக் குழி எடுத்து மேல்மண்ணும் மக்கின மாட்டெருவும் கலந்து நிரப்பி, ரெண்டு கிழமை விட்டு நடுங்க.

வாவிக்குக் கிட்டக் கிணறு எண்டா கோடையில உவர்க்குதா எண்டு முதல்ல பாருங்க. உப்புத் தண்ணிக்கு இலை ஓரம் கருகிக் கருகி உள்ளுக்கு வரும், அதுக்கு மருந்து கிடையாது.

நடுகை

முத்தின கொப்பில பென்சில் மொத்தத்தில நாலு கணு வாற மாதிரி வெட்டி, ரெண்டு கணு மண்ணுக்க போக பையில ஊண்டினா ரெண்டு மாசத்தில வேர் பிடிச்சிடும். வரிசைய வடக்கு தெற்கா போடுங்க, வரிசைக்கு வரிசை எட்டடி, கொடிக்குக் கொடி அஞ்சடி. மண்ணுக்கு மேல ஆறடி நிக்கிற மாதிரி கொங்கிரீட் கட்டை, மூண்டடி உயரத்தில முதல் கம்பி, அதுக்கு மேல ஓரடிக்கு ஒண்டு. கச்சான் காத்து இளங்கொப்ப முறிச்சிப் போடும், அதால மேற்குப் பக்கம் வேலி அடர்த்தியா இரிக்கட்டும்.

முதல் வருசம் ஒரே ஒரு தண்டுதான், முதல் கம்பியத் தொட்டதும் நுனியக் கிள்ளி ரெண்டு பக்கமும் கம்பி வழியே ஒவ்வொரு கிளை போக விடுங்க. பூ வந்தா மனசக் கல்லாக்கிட்டு எடுத்திடுங்க.

வெட்டு

வருசத்துக்கு ரெண்டு வெட்டு. காய்ப்பு வெட்டு மாரி முழுசா விட்ட மறுகா, மாசிக் கடைசியில. வெட்டி நாலு மாசம் வரை போகும் பழம் பழுக்க, அப்ப ஆனி மாச வெயில்ல அறுவடை வரும், மழை பெரிசா இரிக்காது. இதையே ஆவணியில வெட்டினா பழுக்கிற நேரம் மார்கழி மழை பிடிச்சி குலையெல்லாம் வெடிச்சி அழுகும்.

வெட்ட ஒரு கிழமைக்கு முந்தி தண்ணியக் குறைச்சி, பழைய இலையெல்லாம் கையால உருவி விடுங்க. மறுகா பழுப்பு நிறத்தில முத்தின கொப்பாப் பாத்து அஞ்சாறு கணு விட்டு, கடைசிக் கணுவுக்குக் கொஞ்சம் மேல சரிவா வெட்டுங்க, அடிக்கணுவில சூடான ஊர்ல பூ குறைவாத்தான் வரும். வெட்டின வாயால தெளிஞ்ச தண்ணி சொட்டுச் சொட்டா விழும், அதப் பாத்து பயப்பட வேணாம், வேர் வேலை செய்யுது எண்டு அர்த்தம். கொஞ்ச நாள்ல கணு வீங்கி, பஞ்சு மாதிரி ரோசாப்பூ நிறத்தில மொட்டு பிதுங்கி வரும். நுனி மொட்டு மட்டும் முந்திக்கொண்டு ஓடினா கொப்ப வளைச்சி கம்பியில கட்டுங்க, மத்ததும் முழிச்சிடும். ஒரு தளிருக்கு ஒரு குலை, கூடினா ரெண்டு.

குலைய மூடுற இலைய கிழக்குப் பக்கம் மட்டும் எடுங்க. காலை வெயிலும் காத்தும் போதும், மேற்குப் பக்கம் திறந்தா பின்னேர வெயில்ல பழம் வெந்திடும்.

நோய்

இலையில சாம்பல் பூசின மாதிரி இருந்தா அதுக்கு கந்தகம், ஆனா விடியக் காலையில மட்டும், உச்சி வெயில்ல அடிச்சா இலை எரியும். இலைக்கு மேல எண்ணெய் ஊறின மாதிரி மஞ்சள் பொட்டு, கீழ வெள்ளைப் பூஞ்சணம் எண்டா அது மாரி நோய், அதுக்கு 1885ல பிரான்ஸ் போர்டோவில கண்டுபிடிச்ச அதே போர்டோ கலவைதான். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நீத்தின சுண்ணாம்பு, 10 லீட்டர் தண்ணி. பிளாஸ்டிக் வாளியில தனித்தனியாக் கரைச்சி மறுகா கலந்து, மினுக்கின இரும்புக் கத்திய முக்கிப் பாருங்க. செம்பு நிறம் படிஞ்சா இன்னும் சுண்ணாம்பு வேணும்.

அறுவடை

முந்திரிகை பறிச்ச மறுகா பழுக்காது. சாறில சீனி எவ்வளவு எண்டு காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டுச் சாறு விட்டா 22 பிரிக்ஸ் (சீனி அளவு) தாண்டணும், விதையக் கடிச்சா பழுப்பா மொறுமொறு எண்டு இரிக்கணும். நிறம் மாறத் தொடங்கினதும் தண்ணிய மட்டாக்குங்க, பழம் சின்னதாகி சாறு தடிக்கும், வைனுக்கு அதுதான் வேணும், நிறமும் மணமும் தோல்லதான் இரிக்கு. நம்மட சூட்டில புளிப்பு கெதியா இறங்கிடும், அதால நாள் கடத்தாம விடிய வெள்ளனப் பறிங்க. கிளிக்கும் வௌவாலுக்கும் வலை போடுங்க. வீட்டில வைன் போடுற யோசனை எண்டா மதுவரிச் சட்டத்தக் கேட்டறிஞ்சிட்டு இறங்குங்க.

பறிச்சி முடிய எருவும் தண்ணியும் குடுத்து, ஆடியில ரெண்டாவது வெட்டு, இதில ஒரு கணு ரெண்டு கணுதான் விடணும். அடுத்த வருசப் பூ இந்த வெயில்ல வளர்ற கொப்புக்குள்ளதான் உருவாகுது, அதால தளிர நெருக்க விடாம ஒவ்வொண்டுக்கும் வெளிச்சம் படுற மாதிரி விரிச்சிக் கட்டுங்க.