நைஜர் ஆற்றைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் பெயரிலேயே இருக்கிறது. நைஜர் ஆறு என்றதும் நைஜர் நாட்டின் ஆறு என்று எழுதிவிடுகிறார்கள். அது பிறப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டு மேட்டுநிலத்தில். மாலியின் ஊடே வளைந்து, நைஜர் நாட்டின் தென்மேற்கு மூலையை நனைத்து, பெனின் எல்லையை உரசி, நைஜீரியாவில் கடலைச் சேர்கிறது. நீளம் சுமார் 4,180 கி.மீ. 'நைஜர்' என்பது கருப்பு எனப் பொருள்படும் லத்தீன் சொல் என்று அடித்துச் சொல்வதையும் விட்டுவிடலாம். சஹாராவில் வாழும் துவாரெக் மக்களின் மொழியில் 'ஆறுகளின் ஆறு' என்று பொருள் தரும் தொடரிலிருந்து வந்தது என்பதே பலரின் கருத்து.

ஆறு பிறக்குமிடத்திலிருந்து அட்லாண்டிக் கடல் ஏறக்குறைய 240 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் ஆறு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடகிழக்கே சஹாராவின் விளிம்புவரை போய், பிறகுதான் தெற்கே திரும்புகிறது. வரைபடத்தில் பார்த்தால் பூமராங் போல இருக்கும். இந்த வளைவால் ஐரோப்பியர்கள் நெடுங்காலம் குழம்பினார்கள். மேற்கே ஓடுகிறது என்றார்கள், நைலோடு சேர்கிறது என்றார்கள். 1796இல், இன்றைய மாலியின் செகூ நகரில், ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க் அது கிழக்கே ஓடுவதைக் கண்ணால் பார்த்தார். கடலில் எங்கே கலக்கிறது என்பது 1830இல் ஆங்கிலேயப் பயணிகளான லாண்டர் சகோதரர்கள் படகில் போய்ச் சேர்ந்தபோதுதான் ஐரோப்பாவுக்குத் தெளிவானது. ஆனால் 'அவர்கள் கண்டுபிடித்தார்கள்' என்று எழுதாதீர்கள். கரையில் இருந்தவர்களுக்கு ஆறு எங்கே போகிறது என்று தெரியாதா என்ன?

எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றும் தவறு வெள்ளத்தைப் பற்றியது. மழை பெய்யும் மாதத்தில்தான் வெள்ளம் வரும் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். கினியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழைநீர் மாலியின் உள்நாட்டு டெல்டாவில் (கடலோரத்தில் அல்லாமல் நாட்டின் நடுவே ஆறு கிளைபிரியும் சமவெளி) புகுந்து ஏரிகளாகவும் கிளைகளாகவும் பரந்து தேங்குகிறது. நிலம் அங்கே அவ்வளவு தட்டை. கணிசமான நீர் அங்கேயே வெயிலில் ஆவியாகிவிடும். மிஞ்சியது மெல்ல நகர்ந்து நைஜர் நாட்டின் தலைநகர் நியாமேயை எட்டும்போது டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். அப்போது அந்த ஊரில் ஒரு துளி மழை இருக்காது. அதற்கு முன்பே, ஆகஸ்ட்–செப்டம்பரில், அக்கம்பக்கத்து மழையால் இன்னொரு வெள்ளம் அதே ஊருக்கு வந்துபோயிருக்கும். ஓர் ஊருக்கு ஆண்டில் இரண்டு வெள்ளம். இதைப் புரிந்துகொள்ளாமல் விவசாயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாமே பிசகும்.

உள்நாட்டு டெல்டாவின் வாழ்க்கையே இந்த ஏற்ற இறக்கத்தோடு பின்னியது. போஸோ மக்கள் மீன் பிடிக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கே உரிய நெல் இனம் இப்பகுதியில் விளைகிறது. வெள்ளம் வடிந்ததும் தலைகாட்டும் 'பூர்கூ' புல்லுக்காக ஃபுலானி மேய்ப்பர்கள் மாட்டு மந்தைகளை ஆற்றைக் கடக்க வைத்துக் கூட்டிவருவார்கள். தியாஃபராபே என்ற இடத்தில் மந்தை ஆற்றைக் கடக்கும் நாள் ஊருக்கே திருவிழா.

இந்த டெல்டாவையும் கடலோர டெல்டாவையும் ஒன்றாக்கிவிடுவது இன்னொரு குழப்பம். எண்ணெய்க் கசிவு, மாங்குரோவ் காடுகள் என்று செய்திகளில் வருவது நைஜீரியாவின் கடலோரம். அங்கே ஒலோயிபிரியில் 1956இல் எண்ணெய் கிடைத்தது. உள்நாட்டு டெல்டாவின் நகரமான மோப்தியோ மாலியில், கடலிலிருந்து பல நூறு கி.மீ. உள்ளே இருக்கிறது.

பயன்களை எழுதும்போது மின்சாரத்தை எல்லா நாடுகளுக்கும் பொதுவாகப் பங்கு போடாதீர்கள். பெரிய நீர்மின் அணையான கைன்ஜி நைஜீரியாவில் இருக்கிறது. 1968இல் கட்டி முடித்தது. மங்கோ பார்க் இறந்த பூசா அந்த நீர்த்தேக்கத்தின் அடியில் போய்விட்டது. மாலியில் 1947இல் முடிந்த மார்க்காலா அணையின் முதல் வேலை பாசனம். நைஜீரியாவின் லொக்கோஜாவில் வந்து சேரும் பெனுவே ஆற்றை வெறும் கிளையாறு என்று ஒரு வரியில் தள்ளிவிடவும் கூடாது. நீரளவில் அது நைஜருக்கு இளைத்ததல்ல.

மாலியின் பழைய நகரமான திம்புக்டுவை ஆற்றங்கரையில் வைத்துப் படம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊர் ஆற்றுக்கு வடக்கே சில கி.மீ. தள்ளி, மணலில் இருக்கிறது. படகில் வருபவர்கள் கொரியூமே துறையில் இறங்கித் தரைவழியாகத்தான் ஊருக்குள் போகவேண்டும்.