காத்திருப்பிடத்தோடு நின்றுவிடும் தீ வெளியேற்றத் திட்டங்கள்

பணியிடத் தீ வெளியேற்றத் திட்டங்களைப் புதிதாக எழுதுகிறவர்களின் வரைவுகளைத் திருத்தும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. படிக்கட்டில் பெட்டிகளை அடுக்கக் கூடாது, தீத்தடுப்புக் கதவுக்கு முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கக் கூடாது என்பன போன்றவற்றை எல்லோரும் அறிவர்; அவற்றை விட்டுவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய பக்கத்தில் நான் முன்பு செய்த அதே பிழைகள் திரும்பத் திரும்பத் தென்படுவதால் இதை எழுதுகிறேன்.

காத்திருப்பிடத்தையே முடிவாகக் கொள்வது

"சக்கர நாற்காலியில் இருப்பவர் படிக்கட்டை ஒட்டிய காத்திருப்பிடத்தில் இருக்க வேண்டும்; தீயணைப்பு வீரர்கள் வந்து மீட்பார்கள்." ஏறத்தாழ எல்லா வரைவுகளிலும் இருக்கும் இந்த வாசகத்தை நானும் ஒருமுறை எழுதினேன். ஒத்திகையன்று ஆறே நிமிடத்தில் கட்டடம் காலியாகிவிட்டது என்று பதிவேட்டில் குறித்துக் கையெழுத்திட்டேன். நான்காம் தளத்தில் பணியாற்றிய அம்மையார் அப்போதும் படிக்கட்டருகே தனியாகக் காத்திருந்தார். எல்லோரும் இருக்கைக்குத் திரும்பிய பிறகு, ஒத்திகை முடிந்ததா என்று அவர் கேட்டபோதுதான் அது எங்களுக்குத் தெரிய வந்தது. அவர் அங்கே இருப்பதைக் கீழே யாருக்கும் தெரிவிக்கும் வழியை நான் திட்டத்தில் வைக்கவே இல்லை. அதை இன்று நினைத்தாலும் மனம் பதறுகிறது. அதே வாசகத்தை வேறொருவர் வரைவில் காணும்போது எரிச்சலும் வருகிறது.

காத்திருப்பிடம் என்பது, தீயைத் தாங்கும் சுவரும் கதவும் கொண்ட, அடுத்த கட்ட இறக்கத்துக்கு ஆயத்தமாகும் இடைநிறுத்தம் மட்டுமே. தீத்தடுப்புக் கதவு 30 அல்லது 60 நிமிடம் தாங்கும் என்ற கணக்கு, அது முழுமையாக மூடியிருக்கும்போது மட்டுமே பொருந்தும். கூட்டம் அதைத் திறந்துகொண்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் புகைக்கும் வழி கிடைக்கிறது. தீயணைப்புத் துறையின் வருகையை நம்பி வெளியேற்றத் திட்டம் அமையக் கூடாது என்று பிரித்தானிய அரசின் வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே அங்கிருந்து கட்டுப்பாட்டு அறையோடு இருவழியாகப் பேசும் கருவி, படிகளில் இறங்கும் மீட்பு நாற்காலி, அதை இயக்கப் பயிற்சி பெற்றவர்கள் ஆகிய மூன்றும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு இத்தகைய நாற்காலிகள் வாங்கி வைக்கப்பட்டிருந்தன. 2001 செப்டம்பர் 11 அன்று 69-ஆம் தளத்திலிருந்த ஒருவரை உடன் பணியாற்றியவர்கள் அதில் வைத்து, மாறி மாறிப் பிடித்து, உயிரோடு கீழே கொண்டுவந்தனர்.

மின்சக்கர நாற்காலிகள் பல 100 கிலோவுக்கு மேல் எடை கொண்டவை என்பதால், ஆளோடு சேர்த்துத் தூக்கிவிடலாம் என்று எண்ணுவதும் தவறு.

ஒரே துணையாளரை நியமிப்பது

மாற்றுத்திறனாளி வெளியேற உதவும் அந்தத் துணையாளர் விடுப்பில் இருக்கும் நாளிலும் தீப்பிடிக்கலாம்.

அலாரம் எல்லோருக்கும் கேட்கும் என்று எண்ணுவது

காது கேளாதவர் கழிவறையிலோ சிறிய கூட்ட அறையிலோ தனியாக இருக்கும் நேரமே ஆபத்தானது. மின்னும் விளக்கு அங்கும் வேண்டும். அவர் உடலோடு வைத்துக்கொள்ளும் அதிர்வுக் கருவி அதைவிட நல்லது.

உரியவரைக் கேட்காமல் எழுதுவது

தம்மை எப்படிப் பிடித்துத் தூக்க வேண்டும், எங்கே தொட்டால் வலிக்கும், கொஞ்ச தூரம் தாமே இறங்க முடியுமா என்பதெல்லாம் அவருக்கே தெரியும். பார்வையற்ற ஊழியர் ஒருவர் என் வரைவைக் கேட்டுவிட்டு, தமக்கு யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை, தாம் அன்றாடம் செல்லும் வழி அடைபட்டிருந்தால் மாற்றுவழியை முன்கூட்டியே நடந்து பழக வேண்டும், அவ்வளவுதான் என்றார். அந்த ஒரு திருத்தம் இரண்டு பக்கங்களை நீக்கிவிட்டது.

நிரந்தரக் குறைபாடுகளை மட்டும் கணக்கிடுவது

கால் முறிந்தவர், நிறைமாதக் கர்ப்பிணி, புகையில் மூச்சிரைக்கும் ஆஸ்துமா நோயாளி ஆகியோரும் இதில் அடங்குவர்.

ஒத்திகையிலிருந்து விலக்கு அளிப்பது

இரக்கத்தால் செய்யப்படுவது இது; ஆனால் மீட்பு நாற்காலியை எவரும் இயக்கிப் பார்க்காத நிலை இதனால்தான் உருவாகிறது. உரியவர் விரும்பாவிட்டால் வேறொரு ஊழியரை அதில் அமர்த்திப் பழகலாம். கீழே இறங்கியவரின் சக்கர நாற்காலி மேலேயே இருப்பதால், கூடுமிடத்தில் அவர் அமர மாற்று நாற்காலி ஒன்றையும் அப்போதே ஏற்பாடு செய்து பாருங்கள்.