பழைய டிராக் சைக்கிளில் ‘டக்’ சத்தம்: கோளாறு லாக்ரிங்கில்

டிராக் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது, பெடலும் பின்சக்கரமும் சேர்ந்தே சுற்றும். என் சைக்கிளில் வேகம் குறைக்கப் பெடலைப் பின்னோக்கி அழுத்தும்போது மட்டும் ‘டக்’. நான்கு நாள் இதிலேயே போனது. கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி கிரீஸ் வைத்தேன், பெடல் மாற்றினேன், செயினை இறுக்கினேன். சத்தம் அப்படியே.

பின்சக்கரத்தைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட் (பின்பக்கப் பல்சக்கரம்) கழலாமல் பிடிக்கும் வளையமான லாக்ரிங்கைப் பாதி திருகிப் பார்த்தபோது பக்கவாட்டில் ஆடியது. அது கேம்பக்னோலோ கம்பெனியின் பழைய லாக்ரிங், விட்டம் 1.32 அங்குலம்; அது ஏறும் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) மறை 1.29. இரண்டுமே இடமறை (இடமாகத் திருகினால் இறுகுவது), அங்குலத்துக்கு 24 மறை. அதனால் சரியாக ஏறுவதுபோலவே தோன்றும். மறையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். ஹப் மறையின் முகட்டில் பளபளவென்று தேய்ந்த கோடு தெரிந்தது. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் ஹப்பே வீண்.

1.29 லாக்ரிங் வாங்கி, மறைகளைத் துடைத்து கிரீஸ் தடவி, ஸ்ப்ராக்கெட்டைச் செயின் விப்பால் (செயின் துண்டு பொருத்திய கைப்பிடி) வலமாக இறுக்கினேன், லாக்ரிங்கை இடமாக. மேட்டில் ஒருமுறை அழுத்தி மிதித்ததும் ஸ்ப்ராக்கெட் இன்னும் சற்று உள்ளே போய் லாக்ரிங் தளர்ந்தது. மறுபடி இறுக்கினேன். சத்தம் போயே போச்சு.