பச்சைக் கறி தின்னும் பூனையும் தண்ணீர்க் கிண்ணமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுப் பூனையின் எடை நான்கு கிலோ. கடையில் வாங்கும் உலர் தீனியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே பச்சைக் கோழிக்கறி தயாரித்துக் கொடுக்கத் தொடங்கிய முதல் வாரம், அதன் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையிலும் அப்படியே கிடந்தது. முன்பு நாளைக்கு நாலைந்து முறை வந்து நக்கிக் குடித்த பூனை, இப்போது கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. பயந்துபோய் ஊசி கழற்றிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து வாயில் பீச்சினேன். அது இருமியது. என் முன்கையில் நான்கு கோடுகளைக் கிழித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

பூனைக்கு ஒன்றுமில்லை. நான்தான் பார்க்கக் கூடாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கைப் போட்டால் விளங்கிவிடும். பூனைக்கு ஒரு நாளில் கிலோவுக்கு ஏறக்குறைய 50 மில்லி தண்ணீர் வேண்டும். நான்கு கிலோ பூனைக்கு 200 மில்லி. பச்சைக் கோழிக்கறியின் எடையில் 70 முதல் 75 சதவீதம் தண்ணீர்தான். 150 கிராம் கறி தின்றால் 105 மில்லிக்கு மேல் அதிலேயே வந்துவிடுகிறது. உணவு செரித்து எரியும்போது உடலுக்குள் உண்டாகும் தண்ணீர் இன்னும் 20 மில்லி. ஆகக் கிண்ணத்தின் பங்கு 70 மில்லி, சிறிய காபி டம்ளரில் பாதி. அதே பூனை 60 கிராம் உலர் தீனி தின்றால் அதிலிருந்து 6 மில்லிகூட முழுதாகக் கிடைக்காது. மிச்சம் அத்தனையையும் கிண்ணத்தில் தேடியாக வேண்டும். உணவு மாறியதும் கிண்ணத்தில் தண்ணீர் குறையாமல் நிற்பது இதனால்தான்.

வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலங்களில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைகள். பிடித்த எலியிலும் பறவையிலும் இருந்த ஈரம்தான் அவற்றுக்குப் பெரும்பாலும் தண்ணீர். அதனால் சிறுநீரகம் சிறுநீரை மிகவும் செறிவாக்கி வெளியேற்றப் பழகிவிட்டது. தாக உணர்வு மந்தமாகவே நின்றுவிட்டது. நாய் குடிப்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பூனையை எடைபோடக் கூடாது. சிரிஞ்சில் பீச்சுவதோ இன்னும் மோசம். திமிறும் பூனையின் வாயில் ஏற்றிய தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் அழற்சியில் போய் முடியும்.

இந்தக் கணக்கைப் படித்துவிட்டு, ‘கறியிலேயே தண்ணீர் இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருந்துவிடுவது அடுத்த தவறு. கறியில் இருந்த தண்ணீர் பூனையின் தட்டு வரைக்கும் வந்துசேருகிறதா?

ஃப்ரீசரில் வைத்த கறி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுதும் இளகுகிறது. காலையில் டப்பாவைத் திறந்தால் அடியில் இளஞ்சிவப்பாக நீர் தேங்கியிருக்கும். நம் கை பழகிய பழக்கம், டப்பாவைச் சாய்த்து அந்த நீரைத் தொட்டியில் ஊற்றிவிடுவது. கறியை இன்னொரு முறை அலசுவது. பலரும் அதை இரத்தம் என்று நினைக்கிறார்கள். அது தசையிலிருந்து கசிந்த நீர்; தசையில் உள்ள நிறமிப் புரதம்தான் சிவப்புக்குக் காரணம். அதோடு டாரின் என்ற அமினோ அமிலமும் கரைந்து வெளியேறுகிறது. பூனையின் உடல் டாரினைத் தேவையான அளவுக்குத் தானே தயாரித்துக்கொள்ளாது. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் காட்டினார்கள். விழித்திரையும் கெடும். ஆக, அந்தச் சிவப்பு நீர் தட்டுக்குத்தான் போக வேண்டும்.

பச்சையாகக் கொடுக்க அஞ்சி லேசாக வேகவைப்பவர்களும் உண்டு. அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பச்சைக் கறியில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். உறையவைப்பதால் அவை செத்துவிடுவதில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், உறையவைத்த பச்சை உணவைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று எச்5என்1 பறவைக் காய்ச்சலில் இறந்தது. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடம் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதலே பச்சை உணவு வேண்டாம் என்றுதான் சொல்லிவருகிறது. பறவைக் காய்ச்சல் செய்தி வரும் மாதங்களில் என் வீட்டிலும் கறி அடுப்பில்தான் ஏறுகிறது. வேகும்போது கறி தன் எடையில் கால் பங்கு வரை இழக்கிறது. இழப்பதில் பெரும்பகுதி தண்ணீர். வெந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுத் துண்டுகளை மட்டும் வைத்தால், ஈர உணவு என்று பெயர் சொல்லி வறண்ட உணவைக் கொடுத்ததாகிவிடும். குறைந்த நீரில் வேகவைத்து, ஆறியதும் அந்த நீரையே கறியோடு பிசைந்துவிட வேண்டும். டாரின் பொடி சேர்ப்பவர்கள் அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பிறகு சேர்க்கலாம்.

தண்ணீர் கூடுதலாகச் சேர்க்க நினைத்தால் கறியில் கலப்பதுதான் எளிய வழி. ஆனால் முதல் நாளே சூப் போல ஊற்றிவிட்டால் பூனை தட்டை மண் தள்ளி மூடுவது போலச் சுரண்டிவிட்டுப் போய்விடும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். துண்டுகளைவிடக் கொத்துக்கறி தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் கறியின் மணம் எழும். எங்கள் பூனை அந்த மணத்துக்கே ஓடி வரும். பத்து நாளில் வேளைக்கு இரண்டு மேசைக்கரண்டி வரை போகலாம். இரண்டு வேளைக்கு 60 மில்லி. மேலே சொன்ன பாதி டம்ளர் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது பாருங்கள். ஒன்று மட்டும்: ஈரக் கறி நம் வெயிலில் விரைவில் கெடும். அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும்.

ருசிக்காக எதையாவது சேர்ப்பதில்தான் நம் வீடுகளில் அதிகம் தடுமாறுகிறோம். கோழி வெந்த குழம்பை மேலோட்டமாக வடித்து ஊற்றுவார்கள். அதில் வெங்காயமும் பூண்டும் கரைந்திருக்கும். இரண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. கடையில் விற்கும் சூப் கட்டியிலும் பொடியிலும் இதே கதைதான். கருவாட்டை ஊறவைத்த நீர் வெறும் உப்புக் கரைசல். உப்பு தின்றால் தாகம் எடுத்துக் குடிக்கும் என்று சிலர் தெரிந்தே செய்கிறார்கள். சிறுநீரகமோ இதயமோ பலவீனமான பூனையிடம் இது விளையாட்டல்ல. பால் ஊற்றுவது ஊரறிந்த பழக்கம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். உள்ளே போனதைவிட அதிகத் தண்ணீர் வெளியே போய்விடும். மத்தி, நெத்திலி போன்ற பச்சை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. மீன் மணம் வேண்டுமானால் மீனை வேகவைத்த நீரில், உப்பில்லாமல், ஒரு கரண்டி போதும்.

கிண்ணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறிதான் பாதி வேலையைச் செய்கிறது என்பதற்காகக் கிண்ணத்தையே எடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான். கோடையில் பூனை உடம்பைக் குளிர்விக்க மயிரை நக்கிக்கொண்டே இருக்கும். எச்சிலாகவே நிறையத் தண்ணீர் போய்விடும். அகலமான பீங்கான் அல்லது எவர்சில்வர் கிண்ணம், தினமும் கழுவியது, பூனை மலசலம் கழிக்கும் மணல் தட்டுக்குத் தொலைவில், வீட்டில் இரண்டு இடங்களில். பூனை நாக்கால் தண்ணீரை அள்ளுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? நாக்கின் நுனி நீர்ப்பரப்பைத் தொட்டுச் சட்டென்று மேலே இழுக்கிறது. கூடவே எழும் மெல்லிய நீர்த்தூண் விழுவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது. நொடிக்கு நான்கு முறை. அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் படம்பிடித்து 2010இல் விளக்கினார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு சில துளிதான் ஏறுகிறது. நின்று நிதானமாகக் குடிக்க அதற்கு ஓர் அமைதியான மூலை வேண்டும்.

மலம் கட்டியாகப் போனால் உடனே தண்ணீர் போதவில்லை என்று முடிவுகட்டுகிறோம். வெண்மையாக, தொட்டால் உதிரும் சுண்ணாம்பு போல இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எலும்பின் அளவைத்தான். கழுத்துத் துண்டுகளை அளவுக்கு மீறிப் போட்டால் இப்படி ஆகும். அங்கே தண்ணீரைக் கூட்டுவதைவிட எலும்பைக் குறைப்பதே வழி.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தோள்பட்டைத் தோலைக் கிள்ளிப் பார்க்கச் சொல்வார்கள். விட்டதும் படிந்தால் நல்லது. ஆனால் வயதான பூனைக்கும் மெலிந்த பூனைக்கும் தோல் எப்போதுமே மெதுவாகத்தான் படியும். கொழுத்த பூனைக்கோ ஈரம் குறைந்தாலும் தோல் சட்டென்று படிந்துவிடும். அதைவிட ஈறு நம்பகமானது: விரலில் வழுக்க வேண்டும், பிசுபிசுவென்று ஒட்டக் கூடாது. எல்லாவற்றையும்விட நம்பகமானது மணல் தட்டு. கட்டிபிடிக்கும் மணலாக இருந்தால் நாளைக்கு இரண்டு முதல் நான்கு சிறுநீர்க் கட்டிகள் இருக்கும். உங்கள் பூனையின் வழக்கமான அளவு எது என்று ஒரு வாரம் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிகள் சிறுத்து, வாடை நெடியாக ஏறினால் தண்ணீர் குறைகிறது.

கட்டிகள் பெருத்தாலும் மகிழ வேண்டாம். கறி தின்னும் பூனை திடீரென்று கிண்ணத்துக்கு அடிக்கடி நடந்தால், ‘பரவாயில்லை, குடிக்கப் பழகிவிட்டது’ என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். சிறுநீரக நோய், நீரிழிவு, தைராய்டு மிகைப்பு மூன்றும் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். கறியில் உள்ளதையும் சேர்த்து ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும்.

கட்டியே இல்லாத தட்டுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் சொட்டுக்கூட வெளியேறாது. தட்டில் ஏறி முக்கும், இறங்கும், மறுபடி ஏறும், அடிவயிற்றை நக்கும், கத்தும். பார்ப்பவருக்கு மலச்சிக்கல் போலத் தோன்றும். விளக்கெண்ணெய் தேடுவார்கள், தண்ணீர் புகட்டுவார்கள். அடைத்த பூனைக்குத் தண்ணீர் புகட்டுவது நிரம்பிய குடத்தில் ஊற்றுவதுதான். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவு பதினொரு மணியானாலும் விடியட்டும் என்று இருக்காமல், கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.